ஆந்தைகளில் எதற்கு முதலிடம்?

பறவைகளில் மயிலுக்கு மதிப்பு உண்டு. கிளிக்குச் செல்லம் உண்டு. குயிலுக்குப் புகழ் உண்டு. காக்கைக்குக்கூட அமாவாசை தோறும் ஒரு கவளம் சோறு உண்டு. ஆந்தைக்கு மட்டும் வசவுதான் மிச்சம். உருட்டி விழிப்பவனை 'ஆந்தை முழி' என்பார்கள். கூரை மீது உட்கார்ந்து ஒரு குரல் கொடுத்துவிட்டால் வீட்டுப் பெரியவர்கள் கல்லைத் தேடுவார்கள். அப்படிப்பட்ட ஆந்தை இனத்தில் எது சிறந்தது, எதற்கு முதலிடம் கொடுக்கலாம் என்று கேட்டால், இது என்ன வேண்டாத விசாரம் என்று தோன்றலாம். ஆனால் சற்று யோசித்துப் பார்த்தால், பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப் பகுதிகளில் வாழும் தமிழர்களுக்கு இது அவ்வளவு வேண்டாத விஷயம் அல்ல என்பது விளங்கும்.

விருப்பமான பறவை ஒன்றைத் தேர்ந்தெடுப்பது இப்போது பல இடங்களில் நடந்து வருகிறது. நியூஸிலாந்தில் 2005-ம் ஆண்டு முதல் பொதுமக்கள் வாக்களித்து 'ஆண்டின் பறவை'யைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கேரளத்தில் காசர்கோடு மாவட்டம் 2023-ம் ஆண்டில் தனக்கென்று ஒரு மரம், ஒரு மலர், ஒரு பறவை, ஓர் உயிரினம் என நான்கைத் தேர்ந்தெடுத்து அறிவித்தது. அதன் பறவை வெண்வயிற்றுக் கடல் கழுகு. இவற்றால் பறவைக்கு என்ன லாபம் என்று கேட்பவர்கள் உண்டு. லாபம் இதுதான்: மக்கள் தங்களுடையது என்று ஒன்றைச் சொல்லத் தொடங்கிய பிறகு, அதன் மீது கல் எறியக் கை கூசும். சட்டப் புத்தகத்தால் ஆகாத காரியம் சில சமயம் பிரியத்தால் ஆகிவிடுகிறது.

ஆந்தை ஒன்றல்ல, பல

ஆந்தை என்றால் ஒரே பறவை என்று நினைப்பவர்கள்தான் அதிகம். இந்தியாவில் மட்டும் முப்பது வகைக்கு மேல் இருக்கின்றன. கேரளத்தில் பத்துக்கு மேற்பட்ட வகைகள் காணப்படுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை வாளையாரிலிருந்து குமுளி வரையிலான எல்லைப் பிரதேசத்திலேயே உண்டு. வயல், தென்னந்தோப்பு, வறண்ட முள்காடு, மழைக்காடு, சோலை, புல்வெளி என்று இத்தனை வகை நிலமும் அடுத்தடுத்து அமைந்திருப்பதே அதற்குக் காரணம்.

பழந்தமிழர்கள் இந்த வேறுபாட்டை அறிந்தே இருந்தார்கள். ஆந்தை, கூகை, குடிஞை, ஊமன், கோட்டான் என்று தமிழில் எத்தனையோ பெயர்கள் உண்டு. மலையாளத்திலும் பெரியதற்கு மூங்ங, சிறியதற்கு நத்து, மீன் தின்பதற்குக் கூமன் என்று பாகுபாடு இருக்கிறது. இன்று இரண்டு மொழியிலும் அந்தப் பெயர்கள் அகராதியில் தங்கிவிட்டன. பேச்சில் எல்லாம் ஒரே ஆந்தை ஆகிவிட்டது. பெயர் தெரியாததைப் பற்றிப் பயம் கொள்வது மனித இயல்பு.

போட்டிக்கு நிற்கக்கூடியவை எவை என்று பார்ப்போர் முதலில் புள்ளி ஆந்தையைச் சொல்வார்கள். மைனாவைவிடக் கொஞ்சம் பெரிய பறவை. சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத்துப் புளிய மரங்களிலும், பழைய கட்டிடங்களின் பொந்துகளிலும் ஜோடியாகக் குடியிருக்கும். மாலையில் மின் கம்பியில் உட்கார்ந்து தலையை மேலும் கீழும் ஆட்டி வேடிக்கை காட்டும். தெரு விளக்கைச் சுற்றும் பூச்சிகளே அதற்கு முக்கிய ஆகாரம். கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரத்தார் அறிவுத் தெய்வத்தின் பறவை என்று போற்றி நாணயத்தில் பொறித்தார்களே, அந்தச் சிற்றாந்தையும் நம்மூர்ப் புள்ளி ஆந்தையும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. அங்கே அறிவின் சின்னம், இங்கே அபசகுனம்.

அடுத்தது வெண்கூகை. இதய வடிவில் வெள்ளை முகம். மங்கிய பொன்னிற முதுகு. மலையாளிகள் வெள்ளி மூங்ங என்பார்கள். நெல் விளையும் பாலக்காட்டில் இதைவிட நல்ல வேலையாள் கிடைப்பது கடினம். எலிதான் இதன் சோறு. முழு இருட்டிலும் ஓசையை மட்டும் வைத்துக் கொண்டு எலியைப் பிடித்துவிடும் என்பதை அமெரிக்க விஞ்ஞானி ரோஜர் பெய்ன் சோதனைகள் செய்து காட்டினார். இதன் காதுத் துளைகள் இரண்டும் ஒரே மட்டத்தில் இல்லாமல் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இருப்பதால், ஓசை வரும் இடத்தைத் துல்லியமாக அறிய முடிகிறது. சிறகின் ஓரம் சீப்புப் போல் பிளந்திருப்பதால் பறக்கும்போது சத்தமே எழுவதில்லை. மலேசியாவில் செம்பனைத் தோட்டங்களில் எலியை அடக்குவதற்குப் பெட்டி வைத்து இதை வளர்க்கிறார்கள். இஸ்ரேலில் 1980-களிலிருந்து வயல்களில் கூட்டுப் பெட்டி வைத்து வருகிறார்கள். லட்சத்தீவின் கவரத்தியில் தென்னையை நாசம் செய்யும் எலிகளை ஒழிக்கக் கேரளத்திலிருந்தே வெண்கூகைகளைக் கொண்டு போனார்கள்.

மூன்றாவது, காட்டுக்குள் வாழும் பெரிய கொம்பன் வகை. வயிற்றில் புள்ளிகள் கொண்ட இந்தப் பெரும் ஆந்தை பறம்பிக்குளம், பெரியாறு போன்ற அடர்ந்த காடுகளில் உண்டு. இலங்கையில் 'உலமா' என்று சிங்களர் அஞ்சும் பேய்ப் பறவை இதுவாகவே இருக்கலாம் என்பது பறவை ஆராய்ச்சியாளர் பலரின் அபிப்பிராயம். கம்பீரத்தில் இதற்கு இணை இல்லை. ஓடைக்கரை மரங்களில் அமர்ந்து நண்டும் மீனும் பிடிக்கும் பூமன் ஆந்தையும் இந்த வரிசையில் நிற்கத் தக்கதே.

நெல்லியாம்பதி தந்த பெருமை

இவை எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, பாலக்காட்டுக்காரர்கள் மார்தட்டிச் சொல்லக்கூடிய ஆந்தை ஒன்று இருக்கிறது. செம்பழுப்பு நிறமும், நெற்றியில் கொம்பு போன்ற மேடும் கொண்ட சிறிய ஆந்தை அது. இலங்கையிலும் கிழக்குப் பிரதேசங்களிலும்தான் இவ்வகை உண்டு என்று கருதப்பட்டு வந்தது. பாலக்காடு மாவட்டத்து நெல்லியாம்பதி மலையில் அது கிடைத்ததை வைத்து, எஸ்.ஏ. ஹுசைன், எம்.ஏ. ரேசா கான் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1978-ம் ஆண்டில் அதைப் புதிய உள்ளினமாக விவரித்தார்கள். அமெரிக்கப் பறவையியல் அறிஞர் டில்லன் ரிப்ளியின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். அதனால் மலையாளத்தில் அது ரிப்ளி மூங்ங.

பறவை ஆராய்ச்சியில் இந்தப் பிரதேசத்துக்கு அதற்கு முன்பே இடம் உண்டு. சலீம் அலி 1933-ம் ஆண்டில் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்கப் புறப்பட்டபோது மறையூரில்தான் முதல் முகாமைப் போட்டார். மூணாறு, குமுளி, நெல்லியாம்பதி, தட்டேக்காடு எல்லாம் அவர் தங்கிய இடங்கள். 'இந்துசூடன்' என்ற பெயரில் மலையாளிகளுக்குப் பறவைகளை அறிமுகம் செய்து 1958-ம் ஆண்டில் நூல் வெளியிட்ட கே.கே. நீலகண்டன், பாலக்காட்டுக் காவச்சேரியில் பிறந்தவர்.

ஆகவே நெல்லியாம்பதி ஆந்தைக்கே முதலிடம் கொடுத்துவிடலாமே என்று தோன்றுவது இயற்கை. ஆனால் இங்கேதான் நிதானம் வேண்டும். அரியதைப் பிரபலம் ஆக்குவது அதற்குச் செய்யும் உபகாரம் ஆகாது. இரவில் உலவும் பறவை பகலில் உறங்க வேண்டும். அது உறங்கும் மரம் இன்னது என்று வெளியே தெரிந்துவிட்டால், காமிராவும் விளக்குமாக ஆட்கள் வந்து சேருகிறார்கள். அதன் குரலைக் கருவியில் ஒலிக்கச் செய்து வெளியே வரவழைப்பவர்களும் உண்டு. தன் எல்லைக்குள் வேறொரு ஆந்தை புகுந்துவிட்டது என்று எண்ணி அது இரை தேடுவதை விட்டுவிட்டு அலைகிறது. கண்ணில் படாமல் இருப்பதே அதற்குக் காவல். அதை அதன் காட்டில் விட்டுவிடுவதே மரியாதை.

வெறுப்பும் ஆசையும்

வெண்கூகையை விவசாயிகள் முன்மொழிவார்கள். அவர்கள் வாதத்தில் வலு இருக்கிறது. ஆனால் வெண்கூகைக்கு இப்போது உள்ள துன்பம், பிரியம் இல்லாமையால் மட்டும் வந்ததல்ல, பேராசையாலும் வந்தது. வெள்ளி மூங்ங வீட்டில் இருந்தால் செல்வம் கொழிக்கும் என்று ஒரு கட்டுக்கதையைக் கிளப்பிவிட்டிருக்கிறார்கள். லட்சக்கணக்கில் விலை பேசி அதை விற்க முயன்றவர்களை வனத்துறையினர் கைது செய்த செய்திகள் கேரளப் பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. 2014-ம் ஆண்டில் அந்தப் பெயரிலேயே ஒரு மலையாளத் திரைப்படம் வெளிவந்து நன்றாக ஓடியது. வட இந்தியாவில் தீபாவளிக் காலத்தில் மாந்திரீகத்துக்காக ஆந்தைகளைப் பலியிடும் கொடுமையும் உண்டு. வனவிலங்கு வாணிபத்தைக் கண்காணிக்கும் 'டிராபிக்' நிறுவனம் 2010-ம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில், இந்திய ஆந்தை வகைகளில் 15 வகைகள் சந்தையில் விற்கப்படுவதாகக் கூறியது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தையைப் பிடிப்பதும் விற்பதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அப்படியும் நடக்கிறது.

வெண்கூகைக்குக் கூட்டுப் பெட்டியும் பாதுகாப்பும் தேவை. அதைப் பற்றி ஊரெங்கும் பேசிப் பேசி விலையை ஏற்றிவிடுவது மட்டும் கூடாது. அதை முதலிடத்தில் வைக்காமல் இருப்பதற்கு இதுவே காரணம். அதன் தகுதிக் குறைவு அல்ல.

புள்ளி ஆந்தையோ எல்லா இடத்திலும் இருக்கிறது. ஓரளவு மனிதரோடு பழகியும் விட்டது. காட்டுக்குள் வாழும் பெரிய வகைகளைச் சாதாரண மக்கள் பார்ப்பது அபூர்வம். அப்படியானால் மீதி இருப்பது எது? ஊரின் நடுவிலேயே வாழ்ந்து, ஊருக்கே நன்மை செய்து, ஊராரால் அதிகமாக வெறுக்கப்படுவது எதுவோ, அதற்கே முதலிடம் கொடுப்பதுதான் நியாயம்.

காலன் கோழி

மலையாள நாட்டில் காலன் கோழி என்று ஒரு பறவைக்குப் பெயர். காலன் என்றால் எமன். எமனுடைய கோழி கூவினால் யாரோ ஒருவர் போகப் போகிறார் என்று அர்த்தம் செய்து கொள்வார்கள். 'பூவா, பூவா' என்று அது அழைப்பதாகவும், 'போகலாம், வா' என்று உயிரைக் கூப்பிடுவதாகவும் பொருள் சொல்வது வழக்கம். இந்தக் குரலுக்குச் சொந்தமானது ஒரு ஆந்தை. சாம்பல், பழுப்பு, வெள்ளை என்று மரப்பட்டையின் நிறத்தில் கோலம் போட்டாற்போன்ற உடம்பு. கொம்பு இல்லாத உருண்டைத் தலை. முகத்தில் வளையம் வளையமாகக் கோடுகள். இந்தியத் துணைக்கண்டத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இது இல்லை.

இது வாழும் இடம் ஊரும் தோப்பும். வயதான மா, புளி, ஆல் ஆகியவற்றின் பொந்தில் முட்டையிடும். பகல் முழுவதும் இலை மறைவில் அசையாமல் இருக்கும். அந்தி சாய்ந்ததும் எலி, ஓணான், நண்டு, பூச்சி என்று வேட்டையைத் தொடங்கும். தோட்டக்காரருக்கு இது செய்வது சம்பளமில்லாத காவல். எலிகளைத் தின்றுவிட்டுச் சாவு சொல்லும் பறவை என்ற பட்டத்தையும் வாங்கிக் கொண்டு போகிறது.

தமிழர்களுக்கும் ஆந்தைச் சகுனம் புதிதல்ல. ஆனால் தமிழ்நாட்டுப் பழைய சாஸ்திரத்தில் ஒரு முறை அலறினால் சாவு என்றால், இரு முறை அலறினால் எண்ணிய காரியம் கைகூடும் என்றும் சொல்லி வைத்தார்கள். பாதி பயம், பாதி நம்பிக்கை. எல்லையைத் தாண்டிக் குடியேறிய பிறகு, அண்டை வீட்டாரிடமிருந்து மொழியையும் சமையலையும் கற்றுக் கொண்டதைப் போலவே, காலன் கோழிப் பயத்தையும் கற்றுக் கொண்டார்கள். மலையாளியும் தமிழனும் தண்ணீர் விஷயத்தில் ஒத்துப் போகாமல் இருக்கலாம். இந்தப் பறவையை விரட்டுவதில் இருவருக்கும் பேதம் இல்லை.

சங்க காலத்துப் புலவர் கண்ணுக்கு ஆந்தை இப்படித் தெரியவில்லை. நற்றிணையில் ஒரு தோழி, ஊர் வாயிலில் உள்ள முதுமரத்தில் குடியிருக்கும் கூகையிடம் பேசுகிறாள். தலைவன் வரும் இரவில் ஊரார் விழித்துக் கொள்ளும்படி குழறாதே. நெய்ச்சோறும் இறைச்சியும் எலிச் சூடும் தந்து உன்னைப் பேணுகிறோம் என்று கெஞ்சுகிறாள். அவளுக்குக் கூகையிடம் மரண பயம் இல்லை. அது எங்கே வாழ்கிறது, எதைத் தின்கிறது என்பது தெரிந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதைப் போலப் பேசுகிறாள்.

சாவும் குரலும்

ஆந்தை கத்தியது, மறுநாள் சாவு விழுந்தது என்று சாட்சி சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆந்தை வருஷத்தில் பல இரவுகள் கத்துகிறது. நன்றாகத் தூங்குபவன் காதில் அது விழுவதில்லை. யார் காதில் விழும்? நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் கண் விழித்து உட்கார்ந்திருப்பவர் காதில்தான் விழும். அந்த வீட்டில் விளக்கு எரிந்து கொண்டிருக்கும். விளக்கைத் தேடிப் பூச்சி வரும். பூச்சியையும் எலியையும் தேடி ஆந்தை வரும். நோயாளி பிழைத்துக் கொண்டால் ஆந்தை கத்தியதை யாரும் நினைவில் வைப்பதில்லை. இறந்துவிட்டால் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். இதில் பறவையின் குற்றம் என்ன?

இதனால் வரும் நஷ்டமோ மெய்யானது. பொந்து உள்ள முதிய மரத்தை 'பேய் குடியிருக்கும் மரம்' என்று வெட்டிவிடுகிறார்கள். பொந்திலிருந்து தவறி விழுந்த குஞ்சை அடித்துக் கொல்கிறார்கள். ஆந்தை போனபின் எலி பெருகுகிறது. எலிக்கு விஷம் வைக்கிறார்கள். உடனே கொல்லாமல் சில நாட்கள் கழித்து ரத்தம் உறையாதபடி செய்து கொல்லும் மருந்துகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. விஷம் தின்ற எலி சாவதற்கு முன் தள்ளாடிக் கொண்டு வெளியே திரியும். எளிதில் அகப்படுவதால் மிச்சமிருக்கும் ஆந்தைகள் அதைத்தான் பிடித்துத் தின்னும்; அவையும் மடியும். வைத்தியம் என்று நினைத்துச் செய்வது வைத்தியரையே கொல்வதாக முடிகிறது.

இதற்கு மறுப்புகள் எழக்கூடும். காலன் கோழி அழிந்து கொண்டிருக்கும் இனம் அல்லவே, அதற்கு எதற்கு இந்தப் பரிந்துரை என்று கேட்கலாம். உண்மைதான், உலக அளவில் அது அழிவின் விளிம்பில் இல்லை. ஆனால் உலகக் கணக்கு வேறு, ஊர்க் கணக்கு வேறு. தெருவுக்கு ஒன்றாக இருந்த முதிய மாமரமும் புளிய மரமும் சாலை அகலப்படுத்துவதற்காகவும் மனைப் பிரிவுக்காகவும் போய்க் கொண்டிருக்கின்றன. புதிதாக நடும் மரத்தில் பொந்து விழுவதற்கு ஒரு தலைமுறை ஆகும். அதுவரை முட்டையிட இடம் ஏது? அழிந்த பிறகு தேடுவதைவிட இருக்கும்போது வைத்துக் கொள்வது சுலபம். மத்திய இந்தியாவின் காட்டுச் சிற்றாந்தை 1884-ம் ஆண்டுக்குப் பிறகு யார் கண்ணிலும் படாமல், 1997-ம் ஆண்டில் மகாராஷ்டிரத்தில் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. எல்லாப் பறவைக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

மூணாறு, தேவிகுளம் உயரங்களில் வாழும் தோட்டத் தொழிலாளர்கள், இந்தப் பறவை சமவெளிக்கும் தாழ்ந்த மலைகளுக்கும் உரியது, தங்களுக்கு அது உறவல்ல என்று சொல்லலாம். அதுவும் சரியே. அங்குள்ள சோலைகளில் அதன் நெருங்கிய உறவான பழுப்புக் காட்டாந்தை வாழ்கிறது. தேயிலைக்கும் ஏலத்துக்கும் நடுவே மிஞ்சியிருக்கும் சோலைத் துண்டுகளே அதற்குப் புகலிடம். மலைமேல் இருப்பவர்கள் அந்த உறவினருக்கு ஓட்டளித்தால் ஒரு குறையும் இல்லை.

செய்யத் தக்கவை

ஓர் ஆந்தைக்கு முதலிடம் கொடுப்பதற்குச் சர்க்கார் உத்தரவு தேவையில்லை, விழாவும் வேண்டாம். பாலக்காட்டிலும் இடுக்கியிலும் தமிழ் வழியில் பாடம் நடத்தும் பள்ளிகள் இருக்கின்றன. அங்குள்ள ஆசிரியர்கள் ஒரு நாள் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஊரில் உள்ள ஆந்தைகளின் பெயரையும் குரலையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். ஆந்தை தான் தின்ற எலியின் எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். மரத்தடியில் கிடக்கும் அந்த உருண்டையைக் குச்சியால் பிரித்துக் காட்டினால், எத்தனை எலியின் மண்டையோடு இருக்கிறது என்று பிள்ளைகளே எண்ணிவிடுவார்கள். பத்துப் பிரசங்கம் செய்யாததை அந்த ஒரு உருண்டை செய்துவிடும்.

பஞ்சாயத்துகள், பொந்து உள்ள மரத்தை வெட்ட அனுமதி கொடுக்கும் முன், அதில் குடியிருப்பது யார் என்று ஒரு முறை பார்க்கச் சொல்லலாம். விவசாயிகள் விஷத்துக்குப் பதில் பொறியைப் பயன்படுத்தலாம். வயலில் பறவை உட்காரக் கழி நட்டு வைக்கலாம். குஞ்சு கீழே விழுந்து கிடந்தால், நாயும் பூனையும் எட்டாத ஒரு கிளையில் வைத்துவிட்டு விலகி நின்றால் போதும். தாய் தேடி வந்து இரை கொடுக்கும். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குத் தெரிவிக்கலாம்.

1956-ம் ஆண்டு நவம்பர் முதல் தேதி மாநில எல்லைக் கோட்டைப் போட்டபோது மனிதர்கள் இரு பக்கமும் பிரிந்து நின்றார்கள். கோவிந்தாபுரத்துச் சோதனைச் சாவடிக்கு மேலே அந்தி நேரத்தில் பறந்து போகும் ஆந்தைக்கு அந்தக் கோடு தெரியாது. இந்தப் பக்கத்துப் புளியமரத்தில் உறங்கி அந்தப் பக்கத்து வயலில் எலி பிடிக்கிறது. இன்று இரவு அந்தக் குரல் எழுந்தால், பயந்து கதவைச் சாத்தாமல், பிள்ளைகளை வாசலுக்கு அழைத்து வந்து, தோட்டத்தில் காவலுக்கு ஆள் வந்துவிட்டது என்று பெரியவர்கள் சொல்லட்டும். காலன் கோழிக்கு அதுவே முதலிடம்.